எம்.பி. கடிதம் எதற்கு?

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகனுக்கு இராணுவ அதிகாரியாக ஆசை. அமெரிக்காவில் அதற்கு எம்.பி. கடிதம் வேண்டுமாமே? நாங்களும் யாரையாவது பிடிக்கவா?
– ஒரு தாய், நமுனுகுல

பதில்: அங்கே அது சட்டம் அம்மா! வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் அகாடமிகளில் சேர காங்கிரஸ் உறுப்பினர், செனட்டர், துணை ஜனாதிபதி போன்ற யாராவது ஒருவரின் பரிந்துரை வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் படிக்கலாம். இடங்களைத் தலைநகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளே அள்ளிக்கொள்ளாமல், எல்லாத் தொகுதிக்கும் பங்கு கிடைக்க அந்த ஏற்பாடு. பரிந்துரை கிடைத்தாலும் மதிப்பெண், மருத்துவச் சோதனை, உடற்தகுதி எதுவும் தள்ளுபடி கிடையாது. விசித்திரம் என்னவென்றால், அவர்களுடைய கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் யார் பரிந்துரையும் வேண்டாம்.

நம் நாட்டில் அப்படியொரு விதியே இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் நம் ஆட்கள் கடிதத்தோடு வரிசையில் நிற்பார்கள்! இரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமோ தியத்தலாவை இராணுவ அகாடமியோ, விளம்பரம் வந்ததும் நேரே விண்ணப்பிக்கலாம். உயர்தரப் பெறுபேறு, உடற்தகுதி, நேர்முகம் இவைதான் பேசும். தியத்தலாவை உங்கள் பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது. பையனைத் தினமும் காலையில் நமுனுகுல மலைப் பக்கம் ஓடவிடுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக்குங்கள்.

எம்.பி.யைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால், லயத்துக்கு வரும் றோட்டைப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.