அகராதி பிடித்த பெரியப்பா

ஒவ்வொரு குடும்பத்திலும் இவர் ஒருவர் இருப்பார். பெண்ணைப் பெற்றவருக்கு அண்ணன், அல்லது அண்ணன் முறை. சொந்தச் செலவில் நடத்திய கல்யாணம் ஒன்றோ இரண்டோதான். ஆனால் புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்காத மண்டபம் கிடையாது. ‘அகராதி பிடிச்ச மனுஷன்’ என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். மற்ற நாட்களில் அது வசை. வீட்டில் ஒரு ஜாதகம் கைமாறிவிட்டால் அதுவே பதவி.

கல்யாணப் பேச்சுக்கென்று ஒரு பாஷை உண்டு. அதில் யாரும் சொல்ல வந்ததைச் சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க” என்கிறார்கள். பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. பெரியப்பா கலங்குவதில்லை, அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறார். அதுவும் வருகிறது: “உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.”

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் தம்பிக்குப் பாடம் ஆரம்பம்.

“ஒண்ணும் வேண்டாம்னா, வாயால கேக்க மாட்டோம்னு அர்த்தம். செய்யறதைன்னா பவுனு. மூத்த மருமக வீட்டுல தாராளமா செஞ்சாங்கன்னு நடுவுல ஒரு வார்த்தை விழுந்துச்சே, கவனிச்சியா? அதுதான் தொகை.”

“காரைப் பத்தி ஒண்ணும் பேசலையேண்ணே?”

“போர்ட்டிகோ புதுசா கட்டியிருக்கோம், சும்மாதான் கிடக்குன்னு சொன்னாங்கல்ல?”

வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதனால் கேட்பது நின்றுபோய், ‘செய்வது’ மட்டும் மிஞ்சியது என்பது பெரியப்பாவின் சட்ட ஞானம். இதை அவர் வருத்தத்தோடு சொல்கிறாரா, ரசித்துச் சொல்கிறாரா என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை. அவருக்கு இரண்டும் பையன்கள்.

பத்திரிகை வாசிப்பதில் அவர் இன்னும் கெட்டிக்காரர். நாம் தேதியையும் மண்டபத்தையும் பார்ப்போம். அவர் கண் முதலில் போகிற இடம் ‘திருவளர்ச்செல்வி’யா, ‘திருநிறைச்செல்வி’யா என்பது. வீட்டில் இன்னும் கல்யாணம் பாக்கி இருந்தால் ‘வளர்’, கடைசிப் பிள்ளை என்றால் ‘நிறை’ என்று போடுவது வழக்கம். நாமெல்லாம் அதை வாழ்த்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரியப்பாவுக்கு அது வரவு செலவு. “நிறைன்னு போட்டுட்டான், அவன் கணக்கு முடிஞ்சுது. நமக்கு இன்னும் ரெண்டு விசேஷம் கிடக்கு. இன்னைக்கு நாம வைக்கிறது திரும்பி வந்தே ஆகணும். ஆயிரத்தொண்ணா எழுதச் சொல்லு!” கல்யாணமே இல்லாமல் ஆடி மாதத்தில் கறி விருந்து வைத்து மொய் வாங்குகிற சீமை இது. இங்கே மொய் நோட்டைப் படிக்கத் தெரியாதவன் பாங்கில் வேலை பார்த்தும் பிரயோஜனமில்லை.

பெயருக்குப் பின்னால் பி.இ. என்று மட்டும் போட்டு, அடைப்புக்குறிக்குள் கம்பெனி பெயர் இல்லையென்றால், பையன் வேலை தேடுகிறான். ‘ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள்’ என்று போட்டிருந்தால் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்: முகூர்த்தம் என்பது சாஸ்திரப்படி இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். பத்திரிகையில் இருப்பது 90. மிச்சம் 42 நிமிடம் போட்டோகிராபருக்கு. ராகு காலத்தில் நேரம் குறித்து ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று ஒரு பத்திரிகை வந்தால் அதையும் மரியாதையாகப் புரட்டிவிட்டு, “புத்திசாலி, மண்டபம் சல்லிசாக் கிடைச்சிருக்கும்” என்பார்.

மண்டபத்து மேனேஜர்கள் இவரைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். வாடகை என்று அவர்கள் சொல்வது வெறும் முன்னுரை. கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், கேஸ், கிளீனிங் எல்லாம் பின்னால் வரும் அத்தியாயங்கள் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். பிள்ளையாருக்குச் சூடம் காட்டுவதற்கு முன்பே மீட்டர் ரீடிங்கை செல்போனில் படம் பிடித்துவிடுவார். சமையலில் அவர் ‘கூலி காண்ட்ராக்ட்’ கட்சி: சாமானை நாம் வாங்கிப் போட வேண்டும், மாஸ்டர் ஆளோடு வந்து சமைத்துக் கொடுக்க வேண்டும். முழு காண்ட்ராக்ட் விட்டால் இலைக்கு இவ்வளவு என்று பேச்சு வரும். அப்புறம் எச்சில் இலையை எண்ண நம்பிக்கையான ஒரு ஆளை நிறுத்த வேண்டும். சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்.

இப்படி ஆண்டுகொண்டிருந்தவரிடம்தான், போன தை மாதக் கல்யாணத்துக்கு, மணப்பெண்ணே ஒரு வெட்டிங் பிளானரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், கையில் டேப்லெட்.

“அங்கிள், எஸ்.டி.டி. அனுப்பியாச்சா?”

“அந்த பூத்தையெல்லாம் மூடி ரொம்ப வருஷமாச்சேம்மா.”

அது ‘சேவ் த டேட்’ என்று விளங்கியது. தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு அட்டை, பிறகு அழைப்பதற்கு இன்னொரு அட்டை. வெற்றிலை பாக்கோடு வீடு தேடிப் போய் அழைத்தும் ‘முறையாகக் கூப்பிடலை’ என்று முறுக்கிக்கொள்ளும் மச்சான்களை அந்தப் பெண் பார்த்ததில்லை போலும். ஆர்.எஸ்.வி.பி. என்றாள். வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டு வாங்குவதாம். பெரியப்பா பதறிவிட்டார். “வர்றியான்னு கேட்டா வராதேன்னு அர்த்தம்மா!” ‘ஃபர்ஸ்ட் லுக்’ எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்கு, அது ஐப்பசியிலேயே காபி பலகாரத்தோடு முடிந்துவிட்டது என்றார். எம்.யூ.ஏ. என்பது மேக்கப் போடுகிறவர் என்று தெரிந்தபோது பேசாமல் இருந்தார். எம்.யூ.ஏ.வின் ஒரு நாள் சம்பளம் தெரிந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“ஐநூறு பேக்ஸ் ஓகேதானே அங்கிள்?” என்று அவள் கேட்டதற்கு மட்டும் பெரிதாகத் தலையாட்டினார். அவள் சொன்னது தலைக்கணக்கு. அவர் அன்று சாயங்காலமே ஐநூறு தாம்பூலப் பைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், இரண்டு பக்கமும் பெயர் அச்சடித்து. கல்யாணத்தன்று விழுந்ததோ எண்ணூறு இலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாஸ்டரிடம் அவர் தன் கணக்குப்படி எண்ணூறு என்றுதான் சொல்லியிருந்தார். பை கிடைக்காத முந்நூறு பேரிடமும், “அந்தப் பாப்பா சொன்ன கணக்கு” என்று தவறாமல் விளக்கம் கொடுத்தார்.

கடைசிப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள் அவள் சம்பந்திப் பேச்சின் இலக்கணம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த வாரமே பெரியப்பா சமையல் மாஸ்டருக்குப் போன் போட்டு, “வைகாசியில ஒரு ஆர்டர் இருக்கு, பேக்ஸ் அறுநூறு” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவளும் சும்மா இல்லை. வாடிக்கையாளர் குறிப்பில் இப்போது புதிதாக ஒரு சுருக்கம் சேர்த்திருக்கிறாளாம்: ‘மாப்பிள்ளை வீடு – எ.ஒ.வே.’ அதாவது, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். அது எழுதியிருந்தால் பட்ஜெட்டை இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் மண்டபமே பார்க்கப் போகிறாளாம்.