பிரிச்சுப் போட்டாச்சா மருமவனே?

வா மருமவனே, உக்காரு. கையில என்ன கவரு? ஓ, ரீலா! நேத்து வரைக்கும் தூண்டில் கம்புல புதுமாப்பிள்ளை கணக்கா உக்காந்திருந்தது, இன்னைக்கு கால்கிலோ நெத்திலி மாதிரில்லா கெடக்கு. நல்ல காரியம் பண்ணுன. உன்னைப் போல நாலு பேரு இருக்கப் போயித்தான் என்னைப் போல ஸ்பேனர் புடிக்கிறவன் வீட்டுல அடுப்பு எரியுது.

கடலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே கழுவிரணும்னு எவனோ சொன்னான், நீயும் கழுவுன. சரிதான். எதுல கழுவுன? வீட்டு போர் தண்ணியில! சுத்திலும் உப்பளம் இருக்கிற தூத்துக்குடியில பொறந்து வளந்துட்டு, உப்பைப் போக்க போர் தண்ணியைத் தேடுன பாரு, அந்தத் தைரியம் யாருக்குலே வரும்? சோப்பே நுரைக்காத தண்ணி அது. கடல்தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் போல உப்பு. தண்ணி காஞ்சு போயிரும், உப்பு போகாது. பல்லு இடுக்குல குத்தவச்சு உக்காந்துக்கிட்டு ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பைத் திங்கும். குடிக்கிற தண்ணி ஒரு சொம்பு போதும்.

அதையும் ஓஸ் குழாயை வச்சுப் பீச்சி அடிச்சியாமே! எருமை மாட்டையா குளிப்பாட்டுன? அப்படி அடிச்சா வெளியில நின்ன உப்பு உள்ள குடிபோயிரும். முன்னால இருக்க டிராக் குமிழை இறுக்கிட்டு, மேலாக்கத் தண்ணி தெளிச்சு, துணியால ஒத்தி எடுத்து நிழல்ல வை. பொறவு குமிழைத் தளத்தி விட்டுரணும். இறுக்கின வாக்குலயே மாசக்கணக்குல வச்சேன்னா உள்ள வாஷர் அமுங்கிப் போவும். அப்புறம் பாறை மீன் இழுக்கையில நரம்பு சீராப் போகாம வெட்டி வெட்டிப் போவும். அறுத்துட்டுப் போன பொறவு, “பெரிய மீனு மாமா”ன்னு கையை விரிச்சுக் காட்டுவ.

எண்ணெய் போட்டியான்னா அத்தையோட தேங்காயெண்ணெய் பாட்டிலைக் காட்டுத. தலைக்கும் அதான், ரீலுக்கும் அதானா? மார்கழி விடியக்காலையில அது உறைஞ்சு நிக்கிறதை நீ பாத்ததே இல்லை போல. நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணையெல்லாம் கூட்டி வச்சுக்கும். பல்லுச் சக்கரத்துக்குக் கிரீஸு, மெலிசாப் பூசணும். பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுலே, பொங்கலுக்கு நெய் ஊத்துத மாதிரி இல்ல. நரம்பு ஏறி இறங்குற சின்ன உருளை இருக்கு பாரு, கடல்தண்ணி மொதல்ல வந்து சேருற எடமே அதுதான். அதை மட்டும் ஒருத்தனும் சீந்த மாட்டான்.

அட, இதென்ன கூத்து? கைப்பிடி பின்னுக்குச் சுத்தாம நிறுத்துற பேரிங்குல கிரீஸை அப்பி வச்சிருக்கியே! அதுக்குள்ள இருக்க குட்டிக் குட்டி உருளையெல்லாம் தண்டை வழுக்காமக் கவ்விப் புடிக்கணும், அதுக்கு வேலையே அதான். நீ பண்ணுனது சைக்கிள் பிரேக் கட்டையில எண்ணெய் விட்ட மாதிரி. மீன் இழுத்தா கைப்பிடி திரும்பி வந்து உன் விரல்ல நல்லா ஒண்ணு வைக்கும், வாங்கிக்கோ.

பழைய கிரீஸை எடுக்க மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் போதும், அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி உக்காரு. இரும்புச் சாமானை மட்டும் முக்கணும். டிராக் வாஷரையும் பிளாஸ்டிக்கையும் அதுக்குக் காட்டாத.

நரம்புச் சுருள் சுத்தாம நிக்கிற இந்த ரகம் ரீலுக்கு 1905-ல காப்புரிமை வாங்கின இல்லிங்வொர்த்துங்கிறவரு இங்கிலாந்துல கம்பளி மில்லு வச்சிருந்தவராம். கதிர் அசையாம நிக்க, நூல் மட்டும் உருவிட்டு வாரதைப் பாத்து யோசனை வந்துதுன்னு சொல்லுவாவ. நம்ம ஊருலயும்தான் மில்லு இருந்துது. கதிரைப் பாத்து இங்க ஒருத்தனும் மீனை நெனைக்கல, சம்பளத் தேதியத்தான் நெனச்சான். நானெல்லாம் நரம்பை மரக்கட்டையில சுத்தி வீசுனவன். கட்டையை எங்கலே பிரிக்க?

பிரிக்கும்போது போட்டோ எடுத்தியா? எடுத்திருக்க மாட்ட. டீ குடிச்சா போட்டோ, செருப்பு வாங்குனா போட்டோ. இதுக்கு மட்டும் “மனசுல இருக்கு மாமா”. ஒரு முட்டை அட்டை எடுத்து, கழட்டுன வரிசையில குழிக்கு ஒண்ணாப் போட்டிருந்தா எங்கிட்ட வந்திருக்கவே மாட்ட. அதனால அந்த யோசனையை வெளியில சொல்லிராத. ஸ்குரூ எல்லாம் ஒரே நீளம்னு நெனச்சு மாட்டாத, நீளமானதைக் கட்டைக் குழியில திருகுனா கூட்டையே பொத்துக்கிட்டு வந்துரும். பல்லுச் சக்கரத்துப் பேரிங்குக்கு அடியில மீன் செதில் கணக்கா மெலிசா ஒரு வாஷர் இருக்கும். அழுக்குன்னு தொடைச்சுப் போட்டுட்டியா? அது இல்லைன்னா பல்லு சரியாப் பொருந்தாது, மாவு திரிக்கிற மாதிரி கரகரங்கும்.

சரி, கவரை இங்க கொட்டு. மெதுவா, மெதுவா... ஏலே, மொதல்ல அந்தக் காத்தாடியை நிறுத்து!