பிடித்தம் போக

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா. சென்னையில் உதவி இயக்குநராக இருந்து, பொங்கலுக்கு ஊர் வந்திருக்கும் மருமகன்.

மாமா: வாங்க டைரக்டரே! வருமானமெல்லாம் எப்படி?

மருமகன்: 2024-25ல நாலு லட்சம் மாமா. பத்து பெர்சண்ட் டி.டி.எஸ். போக மூணு லட்சத்து அறுபதாயிரம்.

மாமா: எனக்கும்தான் ஆலையில பிடிச்சாங்க. ஜூன் மாசமானா ஃபாரம் 16 கைக்கு வந்துரும்.

மருமகன்: உங்களுக்கு வந்தது சம்பளம். எனக்குத் தொழில்முறைக் கட்டணம். டாக்டர், வக்கீல், உதவி இயக்குநர் மூணு பேரும் வருமான வரிச் சட்டத்துக்கு ஒரே சாதி.

மாமா: டாக்டரா! உங்கம்மாகிட்ட சொன்னியா?

மருமகன்: வடபழனியில ஒரே ரூம்ல ஆறு டாக்டர் படுத்திருக்கோம். மேக்கப்மேன் அண்ணன் நெலமை இன்னும் மோசம். சினிமாக் கலைஞர் பட்டியல்ல டிரஸ் டிசைனர் உண்டு, அவரு இல்ல. வெறும் மூஞ்சியோட நடிச்சாங்கன்னு நெனச்சிட்டாங்க போல.

மாமா: 44ஏடிஏ பிரிவுல வரவுல பாதிய வருமானமாக் காட்டினாப் போதுமே. ரெண்டு லட்சத்துக்கு வரியே கிடையாது. பிடிச்ச நாற்பதாயிரத்தையும் திருப்பி வாங்கு.

மருமகன்: அப்படித்தான் ரிட்டன் போட உக்காந்தேன். பிடிச்ச வரியக் காட்டுற 26ஏஎஸ்ல பதினஞ்சாயிரம்தான் இருக்கு.

மாமா: மிச்சம்?

மருமகன்: புரொட்யூசரு பிடிச்சாரு. கட்டலை.

மாமா: பிடிச்சா கட்டணும்ல?

மருமகன்: படம் எடுத்தா ரிலீஸ் பண்ணணும்தான் மாமா.

மாமா: அடப்பாவி! உன்கிட்டயே திரும்பக் கேப்பாங்களோ?

மருமகன்: கேக்கக் கூடாதுன்னு 205ஆம் பிரிவு சொல்லுது. கம்ப்யூட்டர் அதையெல்லாம் படிக்கலை. கணக்குல ஏறாத பணம் அதுக்குப் பணமே இல்ல.

மாமா: ஃபாரம் 16ஏ கேளுடா.

மருமகன்: கேட்டேன். பாக்கிச் சம்பளத்தோட சேத்துத் தாரேன்னாரு மேனேஜர்.

மாமா: 2022ல ரஜினிக்கு வரி கட்டினதுக்கு வருமான வரித்துறை விருதே குடுத்துச்சு.

மருமகன்: நானும் கட்டினவன்தான். என் வரி வழியிலயே எறங்கிருச்சு.

மாமா: புரொட்யூசரு இப்ப எங்க இருக்காரு?

மருமகன்: அடுத்த படத்துக்குப் பூஜை போட்டுட்டாரு. என்னையும் வரச் சொல்லியிருக்காரு.

மாமா: போகப் போறியா?

மருமகன்: கதை நல்லாருக்கு மாமா.