வாஸ்து பாத்தாச்சு, மண்ணைப் பாத்தியா?

வா மருமகனே! கரிசல்ல வீடு கட்டப்போறியாம்ல? இத்தாலி மார்பிளுக்கு அட்வான்ஸே கொடுத்துட்டியாம், உங்க ஆத்தா சொன்னா. பேஷ்! ஐப்பசி மழை ஒண்ணு விழட்டும், அந்த மார்பிள் தானா எந்திரிச்சு உனக்குக் கும்பிடு போடும்.

நம்ம மண்ணு பருத்திக்குத் தாயி, செவத்துக்கு மாமியாக்காரி. மான்ட்மோரிலோனைட்டுன்னு ஒரு களி அதுல கெடக்கு. தண்ணி பட்டா உப்பும், கோடையில பாளம்பாளமா வெடிக்கும். வாஸ்துக்காரருக்குத் தட்டுல வச்சுக் கொடுத்தியே, மண்ணைச் சோதிக்கன்னா மட்டும் கை இறுகுதோ? பொடிச்சுச் சலிச்ச மண்ணுல 10 கிராம் தண்ணிக் குடுவையில, 10 கிராம் மண்ணெண்ணெய்க் குடுவையில போட்டு ஒரு நாள் வைக்கணும். மண்ணெண்ணெயில அது உப்பாது. அதைவிடத் தண்ணியில எத்தனை சதவீதம் கூடியிருக்கோ, அதுதான் அதோட யோக்கியதை. 50 சதவீதம் தாண்டுச்சுன்னா உஷாரு. (அடுப்பெரிக்கத்தான் மண்ணெண்ணெய் கெடைக்கல, இதுக்காவது ஆகட்டும்.)

மருந்து சுண்ணாம்புதான். உங்க பாட்டி வெத்தலைக்குத் தடவினதைவிடக் கொஞ்சம் கூட: காஞ்ச மண்ணு எடையில 3லருந்து 8 சதவீதம். எத்தனைங்கிறதைச் சோதனைதான் சொல்லணும், மேஸ்திரி கைப்பக்குவம் இல்ல. சுண்ணாம்புல உள்ள கால்சியம், களியோட ஒட்டிக்கிட்டிருக்கிற சோடியத்தை வெரட்டிட்டு அங்க உக்காந்துக்கும். பிசுபிசுப்பு சீக்கிரமே கொறஞ்சிரும். ஆனா மண்ணுல உள்ள சிலிக்கா, அலுமினாவோட கூடி இறுகுறதுக்கு வாரம், மாசம்னு ஆகும். நீயோ காலையில கலந்து சாயங்காலம் பால் காய்ச்சுற ஆளு!

“சிமென்டு போட்டா என்ன மாமா?”ங்கிறியா? மணல் சேந்த மண்ணுக்குன்னா பேஷாப் போடு. கொழுத்த களியில அது கலக்கவே கலக்காது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சுண்ணாம்போட சேத்தா கை கொடுக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்க: மண்ணுல ஜிப்சம் இருந்தா, சுண்ணாம்பும் அதுவும் களியோட அலுமினாவும் தண்ணியோட சேந்து எட்ரிங்கைட்டுன்னு ஒண்ணை உண்டாக்கி, தரையை இன்னும் தூக்கிவிட்டுரும்.

அதுவும் முத்தத்துக்கும் பாதைக்கும்தான் சுண்ணாம்பு. செவரு நிக்கணும்னா, ரூர்க்கி கட்டட ஆராய்ச்சிக்காரங்க சொன்ன அடிபெருத்த தூணை, மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துல எறக்கு. தூணோட தண்டைப் போல ரெண்டரை மடங்கு அகலத்துல அடியில குமிழ் வரணும்.

மார்பிள்காரன்ட்ட அட்வான்ஸைத் திருப்பிக் கேளு. நாளைக்கே குழி தோண்டி, மேல்மண்ணை விட்டுட்டு அடிமண்ணைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டு போ. மேஸ்திரி “பாத்துக்கலாம்ணே”ம்பாரு. பாப்பாரு, பாப்பாரு. அவரு வீடு செவக்காட்டுல இருக்கு.