டாக்டர் சொன்ன நடை

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்கள் இரண்டு ரகம். ஆசைப்பட்டு நடக்கிறவர்கள், டாக்டர் சொல்லி நடக்கிறவர்கள். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விசுக்கென்று கடந்து போய்விடுகிறார்கள். இரண்டாவது ரகத்தை நிதானமாகப் பார்த்து எழுதலாம். அவர் அதற்குள் எங்கும் போய்விட மாட்டார்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கணபதியிலோ பீளமேட்டிலோ பவுண்டரியோ மோட்டார் பட்டறையோ நடத்தி, சாவியை மூத்த மகனிடம் கொடுத்துவிட்டு, செக் புத்தகத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர். காலில் டாலஸிலிருந்து இளைய மகன் அனுப்பிய ஷூ. மார்கழி, தையில் தலையில் மங்கிக் குல்லா. வீட்டிலிருந்து ரேஸ்கோர்ஸ் வரை காரில்தான் வருவார். ஏனென்று கேட்டால் தயாராகப் பதில் இருக்கும்.

“நடக்கற எடத்துக்கே நடந்து வந்துட்டா, அப்பறம் நடக்கறதுக்கு என்னங்க மிச்சமிருக்கும்?”

சுற்று முழுவதும் சுமார் 2.5 கிலோமீட்டர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் குதிரைகள் ஓடிய இடம். இப்போது ஓட்டமெல்லாம் ஊர் வைத்த பேரில்தான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பாதையை அகலமாக்கி, உட்காரப் பெஞ்சும் போட்டார்கள். பாதையை யாருக்காகப் போட்டார்களோ தெரியாது, பெஞ்சு இவருக்காகத்தான்.

அவர் நடையைப் புரிந்துகொள்ள மாசி மாதம் கோனியம்மன் தேரைப் பார்த்திருக்க வேண்டும். கிளம்பும் முன் ஏகப்பட்ட ஆயத்தம். கிளம்பினால் நாலடி. அப்புறம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, எப்போது நகரும் என்று கேட்பது மரியாதையும் இல்லை. தேருக்கு முட்டுக்கட்டை போட ஆள் உண்டு. இவரோ தானே போட்டுக்கொள்வார். ஷூ கயிறு ஒரு கட்டை, செல்போன் ஒரு கட்டை. ‘இந்த மரம் போன மாசம் இப்படிச் சாஞ்சிருக்கலியே’ என்பது இன்னொரு கட்டை. இதெல்லாம் பலிக்காத நாளில் எதிரே வருகிறவர் எப்படியும் அகப்படுவார்.

“ஏனுங்க, நல்லாருக்கீங்ளா?”

அவ்வளவுதான். நல்லாயிருப்பவர் நல்லாயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜி.எஸ்.டி., வார்ப்பிரும்பு விலை, அன்னூர்ப் பக்கம் தோட்டம் என்ன விலைக்குப் போகிறது, பையனுக்கு ஜாதகம் எடுத்தாயிற்றா என்று வரிசையாக வரும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான வேகத்தைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம்மவரால் பேச முடியும், பாட முடியும், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க முடியும், நடுவில் பட்டறைக்குப் போன் போட்டு மகனை வையவும் முடியும்.

இதற்கிடையில் அவருடைய வீட்டம்மா இரண்டாவது சுற்றில் பின்னாலிருந்து வந்து கடப்பார். அவருக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை.

“இன்னும் இங்கயேதான் நிக்கறீங்களா?”

“நீ போ, நான் வந்துட்டேதான் இருக்கறேன்.”

மகள்வழிப் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். களைத்துப்போய் மெல்ல நடப்பதற்கு இங்கிலீஷில் உள்ள சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் அமைக்க வேண்டும். அவள் அகராதியைத் தொடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அப்புச்சியோடு காரில் ஏறிவிட்டாள். முதல் நூறடியில் பாதம் தரையை விட்டு எழவேயில்லை. ஷஃபில் என்று குறித்துக்கொண்டாள். டிரைவர் காரை நிறுத்த இடம் தேடித் தூரமாகப் போய்விட்டார் என்று தெரிந்ததும் காலைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்தார். அது ட்ரட்ஜ். வீட்டம்மா பின்னால் வருவதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து விடாப்பிடியாகக் கொஞ்ச தூரம் நடந்தது பிளாட். ‘இன்னும் எவ்வளவுதான் இருக்குது?’ என்று சலித்துக்கொண்டு வந்ததெல்லாம் ட்ரெய்ப்ஸ். அரைச் சுற்றுக்குள் பக்கம் நிறைந்துவிட்டது.

“அப்புச்சி, நின்னுக்கிட்டே நடக்கறதுக்கு ஒரு வேர்டு இருக்குதா?”

“அதுக்குப் பேரு பழக்கவழக்கம், கண்ணு.”

கைக்கடிகாரத்தின் கதை தனி. தினமும் பத்தாயிரம் அடி நடந்தாரா என்று டாலஸிலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி ஒன்றை இளைய மகன் வாங்கி அனுப்பினார். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று இவர் விசாரித்துவிட்டார். 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும்படி அதற்கு மான்போ-கெய் என்று பேர் வைத்தார்கள். எண் அந்தப் பேரோடு பரவியதுதான், எந்த டாக்டரும் அளந்து சொன்னதல்ல. பட்டறைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

“யாவாரத்துக்கு வெச்ச நம்பருங்க அது. மோட்டாருக்கு நாங்க எச்.பி. போட்டாப்பல!”

அன்று சாயங்காலமே கடிகாரம் பேத்தியின் கைக்குப் போயிற்று. அவள் பேஸ்கட்பால் பயிற்சிக்குப் போகிறவள். அமெரிக்காவில் பொழுது விடியும் நேரம், அப்பாவின் நாடித்துடிப்பு 170-ஐத் தொட்டதைப் பார்த்து மகன் அலறியடித்துக்கொண்டு போன் போட்டார். இவர் மிளகாய் பஜ்ஜியைக் கீழே வைக்காமலே எடுத்தார்.

“எனக்கென்னடா? செவனேன்னு ஒக்காந்திருக்கறேன்.”

அது மகனுக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

இதே மனிதரைத் தை மாதம் பார்க்க வேண்டும். பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டு, ஷூவையும் காரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு பழனிக்குக் கிளம்பிவிடுவார். பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் என்று 100 கிலோமீட்டருக்கும் மேல். டாக்டருக்குப் பயந்து நடக்கிற காலும் முருகனுக்கு நேர்ந்துகொண்ட காலும் ஒரே இடுப்பிலிருந்துதான் இறங்குகின்றனவா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். வேகம் ஒன்றும் கூடிவிடவில்லை. உடுமலை தாண்டும்போது உள்ளங்காலெல்லாம் கொப்புளம். பேத்தி நோட்டில் எழுதிய அத்தனை நடையும் அந்த ரோட்டில் வந்துபோகும். நின்றுகொண்டே நடக்கிற அந்த ஒன்றை மட்டும் காணோம். வழியில் சம்பந்தியே தோட்டத்து வாசலில் நின்று கூப்பிட்டாலும் கையை மட்டும் தூக்குவார்.

“சாமி கும்பிட்டுட்டு வாரப்பப் பாத்துக்கலாமுங்க.”

பழனியில் 1966-லிருந்து விஞ்ச் ஓடுகிறது, 2004-இல் ரோப்காரும் வந்துவிட்டது. இரண்டின் பக்கமும் திரும்பிக்கூடப் பார்க்காமல், படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார். வழிநெடுக ஊர்க்காரர்கள் ஊற்றிக் கொடுத்த சுக்குக் காபியும் மோரும்தான் தெம்பு. ரேஸ்கோர்ஸில் அருகம்புல் ஜூஸ் வண்டி வந்தால்தான் அடுத்த அடி என்று இருந்தவர் இவரேதான்.

ஊர் திரும்பிய வாரம் ரத்தப் பரிசோதனை வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் தாளவில்லை.

“பாத்தீங்களா? நடந்தா எப்படிக் கொறையுது பாருங்க. இதையே தினமும் பண்ணோணும்.”

“தினமும் பழனிக்குப் போக முடியுங்களா டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டே, மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பிரசாதமுங்க. பஞ்சாமிர்தம்.”

டாக்டர் டப்பாவைப் பார்த்தார். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். பிறகு அவரைப் பார்த்தார்.

“வீட்டுல எத்தன டப்பா இருக்குதுங்க?”

“ஒரம்பரைக்கெல்லாம் குடுத்தது போக ஏழுதானுங்க இருந்துச்சு.”

“இருந்துச்சா?”

“பிரசாதத்தை வெச்சிருக்கக் கூடாதுங்களே.”