வேகமானியின் மிகைக்கூற்று

கேள்வி: என் காரின் ஸ்பீடாமீட்டர் 100 என்று காட்டும்போது செல்போனிலுள்ள ஜி.பி.எஸ். 94 என்கிறது. பொய் சொல்வது எது?

பதில்: பொய்யென்ற கடுஞ்சொல் வேண்டாம். ரயிலைத் தவறவிடக் கூடாதென்று கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னே தள்ளிவைக்கும் வீட்டுப் பெரியவரின் ஜாக்கிரதைதான் உங்கள் வேகமானிக்கும் வாய்த்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 39-ஆவது வாகன விதிப்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்துக்கு ஒருபோதும் குறையலாகாது. மிகுவதானால், உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும் வரை மிகலாம். அதாவது, 80-இல் செல்லும் வண்டி 92 என்று காட்டினாலும் குற்றமில்லை.

இதன் காரணம் யாதெனில், இந்த யந்திரம் சாலையைப் பார்ப்பதே இல்லை. சக்கரத்தின் சுழற்சியை மாத்திரம் எண்ணி, அதன் சுற்றளவு இன்னதென்று முன்பே அனுமானித்துக்கொண்டு கணக்கிடுகிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற காந்தக் கருவியின் காலத்திலும், கம்ப்யூட்டர் புகுந்துவிட்ட இக்காலத்திலும் அடிப்படைத் தத்துவம் அதுவே. டயர் தேயத் தேயச் சக்கரம் சிறுத்து, அதே தூரத்துக்கு அதிகமாகச் சுழலுமாதலால், முள்ளும் சற்று மிகைப்படுத்தும். நேரான திறந்த சாலையில், சீரான வேகத்தில், ஜி.பி.எஸ். சொல்வதையே நம்பலாம், சுரங்கப் பாதையிலும் திடீரென்று வேகம் மாறும்போதும் அது தடுமாறும்.

அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டினால் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். அதுவே ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.