காளஹஸ்திக் கடைவீதிப் பேட்டரி ரயில்: ஓட்டமும் விபத்தும் குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

காளஹஸ்திக் கோயிலின் கட்டடக் கலை, கல்வெட்டு, தல வரலாறு பற்றியெல்லாம் அறிஞர் பலர் எழுதித் தீர்த்துவிட்டனர். ஆனால் தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் கடைவீதியில் எந்தப் பொருளின் முன்னால் குழந்தை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிறதோ, அந்தப் பொருளைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் சொர்ணமுகி ஆற்றங்கரையில், திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 36 கிலோமீட்டரில் உள்ளது. 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டம். அன்று முதல் திருப்பதி மாவட்டம். ஊருக்குக் கூடூர்–ரேணிகுண்டா பாதையில் ஒரு ரயில் நிலையமும் உண்டு. அங்கே நிற்கும் ரயில்கள் இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டவை அல்ல. அவை தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

ஆய்வுப் பொருளாவது: ஓர் எஞ்சின், அதன் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள், ஒன்றோடொன்று கோத்தால் வட்டமாகும் பிளாஸ்டிக் தண்டவாளத் துண்டுகள், இரண்டு பென்சில் பேட்டரி. பேட்டரி தனி விலை.

2. வம்சாவளி

எளிய வீட்டுப் பிள்ளையானாலும் இதன் குலம் பெரிது. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில்களுக்கு அளவு வகுத்துக் காட்டியது. 1920இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து சாவி கொடுத்து ஓட்டும் ஹார்ன்பி ரயில் புறப்பட்டது. பின்னர் வந்த ‘ஹெச்ஓ’ என்னும் அளவில் எல்லாமே உண்மையில் 87இல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் நாட்டிலும் இக்கலைக்கு ஆலயம் உண்டு: புணேயின் கோத்ருட் பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம்.

ஒரு சாதிக் குழப்பத்தையும் இங்கே பதிவு செய்வது கடமை. இந்திய அகலப்பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். 16.5இல் நிற்கும் இந்திய எஞ்சின் மாதிரி எதுவாயினும், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையில் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்டிக் ரயிலுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எந்த நாட்டு அளவுக்கும் அது கட்டுப்பட்டதில்லை.

3. பூர்வபட்சமும் மறுப்பும்

ரயில் ஏன் நிற்கிறது என்ற வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன.

முதலாவது: “சீனா சரக்கு, அவ்வளவுதான்.” இது அப்பாக்களின் மரபு. விலையே தரம் என்பது இதன் உட்கிடை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, மிகுந்த விலை கொடுத்து வாங்கிய மாதிரி எஞ்சின்கள் பல, துத்தநாகக் கலவை வார்ப்பில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்ட குற்றத்துக்காக, ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பி, விரிசல் விட்டு, கண்ணாடி அலமாரிக்குள்ளேயே பொடிந்துபோயின. ஓடாமல் வைத்திருந்தும் கெட்டன. ஆகவே விலை காரணமாகாது.

இரண்டாவது: “வாங்கின நேரம் சரியில்லை.” இது பாட்டிமார் மரபு. பிற கோயில்கள் கிரகணத்துக்கு நடை சாத்தும்போது திறந்தே இருக்கும் கோயில் காளஹஸ்திக் கோயில். ராகு கேதுவுக்குப் பரிகாரம் செய்யும் ஊரிலேயே வாங்கிய பொருள்மீது ராகு கேதுவைக் குற்றம் சாட்டுவது பொருந்தாது.

எனவே சித்தாந்தம் வேறிடத்தில் தேடற்பாலது. அது தல வரலாற்றிலேயே கிடைக்கிறது. இவ்வூரில் வழிபட்டவை சிலந்தி, பாம்பு, யானை. பொம்மை ரயிலுக்கு நேரும் கேடு அனைத்தும் இம்மூன்றனுள் அடங்கும்.

4. சிலந்தி இயல்

இழையால் வரும் கேடு இதன்கண் கூறப்படும். கூடத்துத் தரையில் நீளமான தலைமுடி, பாய்க் கோரை, புடவை நூல் ஆகியவை எப்போதும் உண்டு. சுழலும் அச்சு அவற்றைத் தேடிப் பிடித்துச் சுற்றிக்கொள்கிறது. பற்சக்கரம் வரை நூல் ஏறியதும் மோட்டார் முனகும். பிறகு முனகலும் நிற்கும். இதிலிருந்து ஒரு கருதுகோள்: திருமலையில் குடும்பத்தோடு முடியிறக்கிவிட்டு வந்தவர் வீட்டில், மறுபடி முடி வளரும் வரை ரயில் செவ்வனே ஓடும். மேலாய்வுக்கு உரியது.

சிலந்திக்கு முடிவு விளக்கால் வந்தது என்பது கதை. நம் எஞ்சினுக்கும் அப்படியே. நெற்றி விளக்கும் ‘கூ’ சத்தமும் அதே இரண்டு பேட்டரியிலிருந்துதான் உண்கின்றன. சக்கரம் நகரும் வலிமை இழந்த பிறகும், படுத்தபடியே கண்ணைச் சிமிட்டிக் கூவும் எஞ்சினைக் காணாத வீடு இல்லை. அந்த நிலையில் அதைப் பரணில் போட்டால், பேட்டரியின் துத்தநாக உறை அரித்து உள்ளிருப்பது கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சைப் பூ பூக்கும். அடுத்த தீபாவளிக்குப் புதுப் பேட்டரி போட்டாலும் பயனில்லை.

5. பாம்பு இயல்

வளைவால் வரும் கேடு இதன்கண் கூறப்படும். இந்திய அகலப்பாதையில் மிகக் கடுமையான வளைவுக்கும் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதை 87ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர். அதாவது நியாயமாக ரயில் விட நினைப்பவர் நான்கு மீட்டர் அகலத்துக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். சோபா, டிவி ஸ்டாண்டு, விருந்தாளி எல்லாம் வெளியே. பரவலாக விற்கும் ஹெச்ஓ வட்டங்களில் சிறியதன் ஆரமோ ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். உண்மை அளவில் பார்த்தால் 31 மீட்டர். 44 மீட்டர் வரை வளையலாம் என்று சலுகை பெற்ற குறுகிய பாதை ரயில்கூட அதில் திரும்ப அஞ்சும்.

வட்டத்தில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட நீளம். 16.5 மில்லிமீட்டர் இடைவெளிக்கு அந்த வேறுபாடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 104 மில்லிமீட்டர். வட்டம் எவ்வளவு பெரிதானாலும் இதே கணக்குதான். உண்மை ரயிலின் சக்கர விளிம்பு சற்றே சரிவாகக் கடையப்பட்டிருப்பதால் இந்த வேறுபாட்டைச் சமாளிக்கும். கடைவீதி ரயிலின் சக்கரம் உருளை. ஒரே அச்சில் இறுகிய இரண்டு சக்கரங்களில் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். பின்னால் பெட்டி கூடக்கூட, எஞ்சின் இழுக்கும் இழுப்பு நடுப்பெட்டியை வட்டத்தின் உள்பக்கமாகச் சாய்க்கும். அண்ணன் ரயிலையும் தம்பி ரயிலையும் ஒன்றாகக் கோத்த வீடுகளில் தடம் புரள்வது இதனால்தான். தம்பி தள்ளிவிட்டான் என்ற வழக்கு தள்ளுபடி செய்யத்தக்கது.

6. யானை இயல்

எடையால் வரும் கேடு இருவகைப்படும்: எடை இன்மை, எடை உடைமை.

எடை இன்மையாவது: நம் ஊர்ப் பாதைகளில் ஓடும் ‘டபிள்யூஏபி-7’ மின்சார எஞ்சின் 123 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87இல் ஒரு பங்காகச் சுருங்கினால் எடை 187 கிராமாகிவிடும். சக்கரம் தண்டவாளத்தைப் பற்றுவது எடையின் தயவால். அதனால்தான் நல்ல மாதிரி எஞ்சின் செய்வோர் உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனம் கூட்டுகிறார்கள். கடைவீதி எஞ்சினில் கனமான உறுப்பு பேட்டரி ஒன்றே. வேகமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மணிக்கு 140 கிலோமீட்டர் என்பது ஹெச்ஓ அளவில் நொடிக்கு 45 சென்டிமீட்டர். புதுப் பேட்டரி போட்ட முதல் நாள் நம் எஞ்சின் இதைக் கடந்து பறக்கக்கூடியது. எடையும் இல்லாததால் கட்டிலுக்கு அடியில் போய் முடியும்.

எடை உடைமையாவது, தாத்தா. மூக்குக் கண்ணாடி இல்லாமல் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, தண்டவாளத்தின் கொக்கியை மிதிப்பவர். கொக்கி ஒடிந்த இரண்டு துண்டுகள் ஒருபோதும் சேரா. வட்டம் அன்றிலிருந்து பிறை. “யாரு மிதிச்சது?” என்ற காலை விசாரணையில் தாத்தா நாளிதழை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

7. மூன்றின் பகை

தல வரலாற்றின்படி, பாம்பு சிவலிங்கத்துக்கு மாணிக்கம் சாத்தியது; யானை அதைத் தள்ளிவிட்டு நீரும் வில்வமும் சாத்தியது; பாம்பு அந்த வில்வத்தை அப்புறப்படுத்தியது. ஒருவர் பூசை இன்னொருவருக்குக் குப்பை. இறுதியில் பாம்பு துதிக்கைக்குள் புக, இரண்டும் மாண்டன.

எஞ்சின் செய்வோர் இக்கதையை நாள்தோறும் நடித்துக்காட்டுகிறார்கள். பிடிப்புக்காகச் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் அது முடியையும் தூசியையும் திரட்டும். தண்டவாளத்திலிருந்து 12 வோல்ட் மின்சாரம் எடுக்கும் மாதிரிகளில், அந்த ரப்பர்ச் சக்கரம் மின்சாரத்தையும் மறுக்கும். கனம் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். குறைத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வட்டத்தைச் சிறிதாக்கினால் எஞ்சின் சாயும். பெரிதாக்கினால் பெட்டிக்குள் அடங்காது, விலையும் அடங்காது. எல்லாக் குணமும் உடைய எஞ்சின் இல்லை. ஒவ்வொன்றும் தன் குணத்தாலேயே கெடுகிறது என்பதே இவ்வாய்வின் சித்தாந்தம்.

8. உத்தரவாதம் பற்றிய பிற்சேர்க்கை

கடைக்காரர் மரபு இது: “ஓட்டிக் காட்டிட்டேன்ல சார்? அப்புறம் கேரண்டியெல்லாம் கேக்கக் கூடாது.” இதை வணிகத் தந்திரம் என்று கருதுவோர் ஊர் வழக்கம் அறியாதவர். காளஹஸ்தி போனால் அங்கிருந்து நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். வழியில் எந்தக் கோயிலுக்கும் எவர் வீட்டுக்கும் போகலாகாது என்பது நம்பிக்கை. நேரே வீடு போய்ச் சேர்ந்த ரயிலை, வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ திரும்பக் கொண்டுவந்து மாற்றுவதற்கு எந்தச் சாத்திரமும் இடம் தரவில்லை. நம்பிக்கையும் வாணிபமும் இவ்வளவு ஒத்துப்போகும் இடம் அரிது.

9. பரிந்துரை

ரயில் வாங்குவோருக்கு இவ்வாய்வு கூறுவது: கடையில் ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சினை மட்டும் ஓட விடாமல் பெட்டிகளைக் கோத்து முழு வட்டம் சுற்ற விடுங்கள். வீட்டில் விளையாடும் முன் கூடத்தைப் பெருக்குங்கள். வாரம் ஒருமுறை ஊசியால் அச்சிலிருந்து முடியை எடுங்கள். விளையாட்டு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். இரவில் தண்டவாளத்தைப் பிரித்துப் பெட்டியில் வையுங்கள். இவற்றைச் செய்தால் ரயில் ஓராண்டு ஓடும். செய்யாவிட்டாலும், அடுத்த முறை காளஹஸ்தி போகும்போது குழந்தை அதே கடை முன்னால்தான் உட்காரும், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.